எறும்பு பார்க்கும் வேலை



சித்தூரிலிருந்து நம் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் இன்டர் இரண்டாம் ஆண்டு பைபிசி (உயிரியல், இயற்பியல், வேதியியல்) படிக்கிறாள். நீட் பயிற்சிக்குப் பணம் கட்டிச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். அவளோ, ஏர்ப்பேட்டில் இருக்கும் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து பூச்சிகளைப் பற்றி, அதிலும் எறும்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்கிறாளாம். "எறும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலையா? அதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அந்தக் கடிதத்தில் ஏளனம் இல்லை. பெற்றவரின் கவலைதான் இருக்கிறது. அதனால்தான் இம்மாதப் பக்கத்தை அவருக்கான பதிலாகவே எழுதுகிறேன். திருப்பதி, காளஹஸ்தி, புத்தூர், நகரி, குப்பம் என்று தமிழ் பேசும் வீடுகள் நிறைந்த நம் பகுதியில் இதே கவலையோடு இருக்கும் மற்றப் பெற்றோரும் படிக்கட்டும்.

மருத்துவர் என்ன செய்வார், இன்ஜினியர் என்ன செய்வார் என்று நமக்குத் தெரியும். எறும்பு ஆய்வுக்கூடத்தில் யார் யார் இருக்கிறார்கள், காலையிலிருந்து மாலைவரை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது தெரியாது. கண்ணால் காணாத வேலையை வேலை என்று நம்புவது யாருக்கும் கடினம். முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

ஏர்ப்பேட்டில் நாம் பார்க்கும் திருப்பதி ஐசர் 2015-இல் தொடங்கியது. அதற்கு மூத்த நிறுவனம், 2006-இல் தொடங்கிய கொல்கத்தா ஐசர். நதியா மாவட்டத்தில் மோகன்பூர் என்ற ஊரில் அதன் வளாகம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் சுமனா அன்னகிரி வழிநடத்தும் ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாக எறும்புகளின் வாழ்க்கையை ஆராய்ந்துவருகிறது. சுமனா, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரிடம் பயின்றவர். கடக்கரோ, பெங்களூரு சென்ட்ரல் காலேஜில் விலங்கியல் மாணவராக இருந்தபோது வகுப்பு ஜன்னல்களில் கூடு கட்டியிருந்த குளவிகளைப் பார்க்கத் தொடங்கி, அதையே வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக்கொண்டவர். ஒருவர் ஜன்னலில் பார்த்தது இன்னொருவருக்குப் பாடமாகி, அவரிடமிருந்து அடுத்த தலைமுறை மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மோகன்பூர்க் கூடம் அதிகம் ஆராய்ந்தது டயாகாமா இண்டிகம் என்ற கறுப்பு எறும்பை. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இனம் அது. தரைக்குள் கூடு கட்டும். ஒரு கூட்டில் ஏறக்குறைய நூறு எறும்புகள்தான் இருக்கும். தனியாக ராணி என்று ஓர் எறும்பு பிறப்பதில்லை. எல்லாப் பெண் எறும்புகளும் முதுகில் சின்னஞ்சிறு மொட்டுப் போன்ற உறுப்போடு பிறக்கின்றன. முட்டையிடும் மூத்த எறும்பு, மற்றவற்றின் மொட்டுகளைக் கடித்து நீக்கிவிடுகிறது. மொட்டு இழந்தவை இனப்பெருக்கத்துக்குப் போகாமல் வேலைக்காரிகளாகவே வாழ்கின்றன. ஒரு கூட்டின் அரசியல் முழுவதும் கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவுள்ள ஓர் உறுப்பில் அடங்கியிருக்கிறது. குனிந்து, பொறுமையாக, பல நாள் பார்த்தவர்களால்தான் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

இந்த எறும்புகளை ஆராய வேண்டுமென்றால் முதலில் கூட்டோடு கொண்டுவர வேண்டும். மாணவர்கள் வெளியே போய்க் கூட்டின் வாயைத் தேடுகிறார்கள். கண்டதும் தண்ணீரை மெதுவாக உள்ளே விடுகிறார்கள். உள்ளே நீர் ஏற ஏற எறும்புகள் முட்டைகளையும் புழுக்களையும் கூட்டுப்புழுக்களையும் வாயில் கவ்விக்கொண்டு வெளியே வரும். ஒன்றுவிடாமல் சேகரிக்க வேண்டும். முட்டையிடும் எறும்பு விட்டுப்போனால் அந்தக் கூட்டம் முழுமையானதாகாது. சில வகை எறும்புகளைப் பிடிக்க, குப்பியில் பொருத்திய இரட்டைக் குழாயில் ஒன்றை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். இடையில் வலை இருப்பதால் எறும்பு வாய்க்கு வராது. ஆனால் அது பீய்ச்சும் ஃபார்மிக் அமிலத்தின் நெடி தொண்டைவரை ஏறும். களப்பணிக்குப் போன ஒவ்வொரு மாணவருக்கும் அந்தக் காரம் பழக்கம்.

கூடத்துக்கு வந்ததும் அவற்றுக்கு வீடு வேண்டும். பிளாஸ்டிக் பெட்டி அல்லது கண்ணாடித் தட்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, ஈரம் தங்கும்படி தரை அமைக்கிறார்கள். மேலே சிவப்புத் தாள் மூடுகிறார்கள். எறும்புகளுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அவை இருட்டில் இருப்பதாக நினைத்து இயல்பாக நடமாடும், மேலிருந்து பார்ப்பவருக்கோ எல்லாம் தெரியும். பெட்டியின் ஓரங்களில் வழுக்கும் பூச்சு தடவினால் எறும்பு ஏறித் தப்பாது. சாப்பாடும் தயாராக வேண்டும். பட்கர், விட்காம்ப் என்ற இருவர் 1970-இல் வெளியிட்ட பக்குவம் இன்றும் உலகெங்கும் எறும்புக் கூடங்களில் பின்பற்றப்படுகிறது: ஒரு கோழிமுட்டை, 62 மில்லி தேன், 5 கிராம் அகர் என்ற கடற்பாசி, கொஞ்சம் வைட்டமினும் தாது உப்புகளும், அரை லிட்டர் தண்ணீர். அகரைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, மற்றவற்றோடு கலந்து, கெட்டியானதும் துண்டு போட்டு வைப்பார்கள். பண்டிகை நாளானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் யாராவது ஒருவர் வந்து ஈரம் பார்த்து, உணவு வைத்து, இறந்தவற்றை எடுத்து எண்ணிக்கை குறித்துவிட்டுப் போக வேண்டும்.

அடுத்தது பெயர் வைக்கும் வேலை. ஒவ்வோர் எறும்பின் உடலிலும் மெல்லிய முனையால் எனாமல் பெயிண்ட் புள்ளி வைக்கிறார்கள். மார்பில் சிவப்பு, வயிற்றில் மஞ்சள் என்றால் ஓர் எறும்பு. மார்பில் நீலம், வயிற்றில் வெள்ளை என்றால் இன்னொன்று. நூறு எறும்புக்கும் நூறு அடையாளம். இனி 'எறும்புகள் நகர்ந்தன' என்று யாரும் பொதுவாக எழுத முடியாது. எந்த எறும்பு, எந்த எறும்பை, எந்த நேரத்தில், எங்கே கூட்டிச் சென்றது என்று எழுத வேண்டும். பதிவான வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, ஒரு மணிநேரக் காட்சியிலிருந்து தகவல் எடுக்கப் பல மணிநேரம் செலவிடுகிறார்கள்.

எம்.எஸ். ஆண்டில் திட்டப்பணிக்கு வந்த மாணவர், ஐந்தாறு ஆண்டுகளாக முனைவர்ப் பட்டத்துக்கு உழைப்பவர், கோடை விடுமுறையில் பயிற்சிக்கு வந்த வேறு கல்லூரிப் பெண், புள்ளிவிவரக் கணக்கில் கெட்டிக்காரராக இருந்து மற்றவர்களுக்கும் உதவுபவர், கூட்டைத் தோண்ட இடம் காட்டும் உள்ளூர் உதவியாளர், கணக்கு எழுதிப் பணம் வரவழைக்கும் அலுவலர் என்று எந்த எறும்புக் கூடத்திலும் பலர் இருப்பார்கள். பேராசிரியர் இவர்கள் கொண்டுவரும் கேள்விகளைச் செப்பனிடுகிறார், சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கிறார், நிதிக்கு அலைகிறார், எழுதியதைத் திருத்துகிறார்.

இத்தனை உழைப்பில் என்ன கிடைத்தது என்று நம் சித்தூர் வாசகர் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

மழைக்காலத்தில் தரைக்கூட்டில் வெள்ளம் புகுந்தால் டயாகாமா என்ன செய்கிறது என்பதை சுவேதஸ்ரீ கோலே, சுமனா அன்னகிரி இருவரும் 2015-இல் வெளியிட்டார்கள். அந்த எறும்புகள் ஒரே வழியை நம்பியிருப்பதில்லை. நீர் புகாத வேறு கூடு கிடைத்தால் குடிபெயர்கின்றன. மேடான இடத்தில் ஒதுங்கித் தஞ்சம் புகுவதும் உண்டு. குடிபெயரும் முறையும் வியப்பானது. வழிநெடுக வாசனைக் கோடு போட்டு ஊர்வலமாகப் போகும் எறும்புகளைத்தான் நாம் வீட்டுச் சுவரில் பார்த்திருக்கிறோம். டயாகாமா அப்படிப் போவதில்லை. வழி தெரிந்த ஓர் எறும்பு முன்னே போகும். வழி தெரியாத ஒன்று உணர்கொம்பால் அதன் உடலைத் தொட்டுக்கொண்டே பின்னே வரும். தொடுதல் நின்றால் முன்னே போவதும் நின்று காத்திருக்கும். இப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிச் சென்றே ஒரு கூட்டம் முழுவதும் புது வீட்டுக்குப் போய்விடுகிறது.

அந்தக் குடிபெயர்வு நேரத்தில் பக்கத்துக் கூட்டத்து எறும்புகள் வந்து கூட்டுப்புழுக்களைத் திருடிப்போகின்றன என்பதை பிஸ்வரூப் பால், மானபி பால், சுமனா அன்னகிரி மூவரும் 2016-இல் எழுதினார்கள். திருடிய எறும்பு வேகமாக ஓடிவிடும். பிடிபட்டால் கடும் தாக்குதல். திருடிவந்த கூட்டுப்புழு வளர்ந்து, திருடிய வீட்டுக்கே உழைக்கும். வீடு மாறும் குடும்பம் எவ்வளவு பாதுகாப்பற்றது, அந்த ஆபத்தை அது எப்படிச் சமாளிக்கிறது என்ற கேள்விக்கு இந்தச் சின்ன உயிரிடமிருந்து ஒரு விடை கிடைத்திருக்கிறது.

இவர்கள் பெயர்களை முழுமையாக எழுதியதற்குக் காரணம் உண்டு. உயிரியல் கட்டுரைகளில் பொதுவாகப் பெரும்பகுதி வேலையைச் செய்தவரின் பெயர் முதலில் வரும். கூடத்தின் தலைவர் பெயர் கடைசியில் வரும். சேற்றில் கூடு தேடி, இரவில் வீடியோ பார்த்த மாணவருக்கே முதல் இடம். அருங்காட்சியகத்தில் வைக்கும் எறும்புக்கும் அப்படித்தான். சிறு முக்கோண அட்டையின் நுனியில் எறும்பை ஒட்டி, குண்டூசியில் குத்தி, கீழே ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறார்கள். ஊர், நாள், சேகரித்தவர் பெயர் அதில் இருக்க வேண்டும். சீட்டு இல்லாத எறும்பு எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும் அறிவியலுக்கு அதிகம் பயன்படாது.

இந்த நல்ல வழக்கம் என்றும் இருந்ததல்ல. நம் பகுதியின் வரலாறே அதற்குச் சாட்சி. தென்னிந்திய எறும்புகளுக்கு முதல் விரிவான பட்டியல் எழுதியவர்களில் முக்கியமானவர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் என்ற கிழக்கிந்திய கம்பெனி மருத்துவர். 1840-களில் நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்தவர். இன்றைய திருப்பதி மாவட்டத்தின் சூளூர்பேட்டை, வெங்கடகிரிப் பகுதிகள் 2022 வரை நெல்லூர் மாவட்டத்தில்தான் இருந்தன. அங்கே வாழும் யானாதிப் பழங்குடியினரிடம் கேட்டுக் கேட்டுத்தான் கிழக்குத் தொடர்ச்சி மலையின் உயிரினங்களைப் பற்றி ஜெர்டன் தெரிந்துகொண்டார். பிற்பாடு மலபாரிலும் பணிசெய்து, 1851-இல் சென்னையிலிருந்து வந்த ஆய்விதழில் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை வெளியிட்டார். ஜெர்டன் பெயர் பறவைக்கும் பல்லிக்கும் எறும்புக்கும் பின்னால் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவருக்குக் காடு காட்டிய யானாதிகளின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

பக்கத்துக் கடப்பை மாவட்டத்திலும் இதைப் போன்ற ஒன்று நடந்தது. ஜெர்டன் கண்டறிந்து, 1848-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஒரு பறவை, 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1986 ஜனவரியில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பரத் பூஷண் தேடிவந்தபோது, அதை இரவில் பிடித்துக் கொண்டுவந்தவர் ரெட்டிப்பள்ளிப் பக்கத்து ஐத்தன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர். இந்த முறை உள்ளூர்க்காரரின் பெயரும் பதிவானது. நூற்றைம்பது ஆண்டுக்குள் அறிவியல் கற்றுக்கொண்ட நாகரிகம் இது. பார்த்தவரின் பெயரை எழுதுவது மரியாதை மட்டுமல்ல, தகவலின் நம்பகத்தன்மையும் அதில்தான் இருக்கிறது. யார் பார்த்தார், எங்கே பார்த்தார் என்று தெரிந்தால்தான் அடுத்தவர் அதே இடத்துக்குப் போய்ச் சரிபார்க்க முடியும்.

ஜெர்டன் அந்த 1851 பட்டியலில் விவரித்த எறும்புகளில் ஒன்று ஹார்ப்பெக்னாத்தஸ் சால்ட்டேட்டர். நீண்ட தாடையும் பெரிய கண்களும் கொண்டு, இரையின்மேல் தாவிப் பாயும் எறும்பு. இன்று உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் இந்தத் தென்னிந்திய எறும்பு வளர்க்கப்படுகிறது. 2010-இல் முதன்முதலாக மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்ட இரண்டு எறும்பு இனங்களில் இதுவும் ஒன்று. இதன் கூட்டில் ராணி இறந்தால் வேலைக்காரிகள் தங்களுக்குள் நாள்கணக்கில் உணர்கொம்புச் சண்டை போட்டு, வென்றவை முட்டையிடத் தொடங்குகின்றன. அப்போது அவற்றின் ஆயுள் நீள்கிறது. மூளை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. அந்த நிலையிலிருந்து விலக்கினால் மூளை மீண்டும் வளர்கிறது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. வளர்ந்த உயிரின் மூளை சுருங்கி, திரும்பவும் பழைய அளவுக்கு வருகிறது என்பதை நரம்பியல் அறிஞர்கள் எவ்வளவு ஆர்வத்தோடு பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மூளையும் முதுமையும் பற்றிய கேள்விகளுக்கு நம் காட்டு எறும்பு ஒன்று உதவிக்கொண்டிருக்கிறது.

இது எல்லாம் தொலைவில் நடப்பதாகத் தோன்றினால், நம் தோட்டங்களுக்கு வருவோம். சித்தூர் கிளிமூக்கு மாம்பழம் கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போவதைச் சாலையெல்லாம் பார்க்கிறோம். அந்த மரங்களில் ஏறிப் பறிப்பவர்களுக்கு முசுறு எறும்பைத் தெரியும். இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழு சுரக்கும் பட்டிழையால் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு. கிட்டே போனால் கடித்துவிடும் என்று கொளுத்திவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்த எறும்பு இலை தின்னும் புழுக்களையும் வண்டுகளையும் வேட்டையாடுகிறது. கி.பி. 304-ஐச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் சீன நூல் ஒன்றில், ஆரஞ்சுத் தோட்டங்களில் பூச்சிக்கு எதிராக இந்த எறும்புக் கூடுகளை விலைக்கு வாங்கித் தொங்கவிட்ட செய்தி இருக்கிறது. அதே எறும்பு, இனிப்புநீர் சுரக்கும் மாவுப்பூச்சிகளைக் காவல்காத்து வளர்க்கவும் செய்யும். எந்தத் தோட்டத்தில், எந்தப் பருவத்தில் அதனால் லாபம், எப்போது நட்டம் என்று சொல்ல, அந்த மரத்தடியில் வருடக்கணக்கில் நின்று பார்த்தவர் வேண்டும். மருந்துக் கடைக்காரரால் அதைச் சொல்ல முடியாது.

2022-இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நடந்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். மஞ்சள் கிறுக்கு எறும்பு என்று அழைக்கப்படும் ஆக்கிரமிப்பு இனம் பெருகி, ஆடுமாடுகளின் கண்களைத் தாக்கி, மேய்ச்சலையே நிறுத்திவிட்டது. கடிக்காது, அமிலத்தைப் பீய்ச்சும். கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளை அழித்த அதே இனம். ஊர்க்காரர்கள் பார்த்தது எறும்பு. அது எந்த எறும்பு, எங்கிருந்து வரும், எப்படிப் பரவும் என்று சொல்ல எறும்பியல் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். அத்தகையவர்கள் நம் நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். பட்டியாலாவில் இருக்கும் பஞ்சாபிப் பல்கலைக்கழகத்தின் ஹிமேந்தர் பாரதியும் அவருடைய குழுவினரும் 2016-இல் வெளியிட்ட பட்டியலில் இந்தியாவில் 828 எறும்பு இனங்களும் துணை இனங்களும் இருந்தன. இத்தனை வகைக்கு எத்தனை பேர்? உலகில் எறும்புகளின் மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ 20,000 லட்சம் கோடி என்று 2022-இல் மதிப்பிட்டார்கள். உலகின் காட்டுப் பறவைகள், காட்டுப் பாலூட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்த எடையைவிட எறும்புகளின் எடை கூடுதல். மண்ணைக் கிளறுவதும் விதையைச் சுமப்பதும் செத்ததைத் துப்புரவாக்குவதும் அவை. அவற்றைக் கவனிக்க ஆள் இல்லையென்றால், நாம் நிற்கும் மண்ணைப் பற்றியே நமக்குத் தெரியாமல் போகும்.

நமக்கு இருக்கும் வாய்ப்போ மிகப் பெரியது. 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேஷாசலம் மலைத்தொடர் சுமார் 4,755 சதுர கிலோமீட்டர். செம்மரம் விளையும் மலை. தங்கப் பல்லி வாழும் மலை. திருமலைத் தலவரலாற்றில் பசு பால் சொரிந்த புற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்தப் புற்றைக் கட்டுவது கரையான், எறும்பல்ல. கரையான் கரப்பானுக்கு உறவு, எறும்பு குளவிக்கு உறவு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மலையடிவாரத்தில் 1954-இல் தொடங்கிய வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. வேளாண் கல்லூரி இருக்கிறது. பெண்களுக்கான பத்மாவதி பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏர்ப்பேட்டில் ஐசர் இருக்கிறது. உயிர்வளம் நிறைந்த மலையும் அதை ஆராயும் கூடங்களும் இவ்வளவு அருகில் அமைந்த ஊர்கள் நாட்டில் அதிகம் இல்லை. வெளிமாநிலத்துப் பிள்ளைகள் ரயில் ஏறி வந்து இங்கே படிக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் படிக்கத் தயங்க வேண்டியதில்லை.

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு நேராக வருகிறேன். ஐயா, சம்பளம் உண்டு. ஐசரில் பி.எஸ்.-எம்.எஸ். ஐந்தாண்டுப் படிப்பு, கடைசி ஆண்டு முழுவதும் ஓர் ஆய்வுக்கூடத்தில் திட்டப்பணி. ஐசருக்கென்று தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது. உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் கேள்வி வரும் என்பதால், பைபிசி படிக்கும் உங்கள் மகள் கணிதத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்கட்டும். பிறகு தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறி முனைவர்ப் பட்டத்துக்குச் சேர்ந்தால், 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் ஆய்வு உதவித்தொகை. இரண்டாண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. படித்து முடித்தவர்களுக்குப் பெங்களூருவில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சிவள மையம், இந்திய விலங்கியல் அளவைத் துறை, வேளாண் பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள், சூழலியல் நிறுவனங்கள் என்று இடங்கள் இருக்கின்றன.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நீண்ட வழி. முனைவர்ப் பட்டம் முடிய முப்பது வயதை நெருங்கிவிடும். நிலையான பணியிடங்கள் குறைவு. உதவித்தொகை மாதாமாதம் சரியாக வராமல் மாணவர்கள் தவிப்பதை நானும் கேட்டிருக்கிறேன். ஓராண்டு செய்த சோதனை ஒன்றும் தராமல் போகலாம். ஆகவே பணத்துக்கோ பெயருக்கோ இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும்படி எந்தப் பிள்ளைக்கும் நான் சொல்லமாட்டேன். பார்ப்பதில் நிஜமான ஆசை உள்ள பிள்ளையைத் தடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். ஏழு வயதில் மீன் முள் குத்தி ஒரு கண் பார்வையை இழந்த ஒரு சிறுவன், தொலைவில் இருப்பதைவிட அருகில் இருக்கும் சின்னஞ்சிறு உயிர்களைப் பார்க்கலானான். பதின்மூன்று வயதில், 1942-இல், அமெரிக்காவின் மொபைல் நகரில் தன் வீட்டருகே வெளிநாட்டு நெருப்பெறும்புக் கூட்டைக் கண்டறிந்தான். அவன்தான் பிற்காலத்தில் உலகமே அறிந்த எறும்பியல் அறிஞர் எட்வர்ட் வில்சன். அந்த வயதில் யாராவது 'எறும்பைப் பார்த்தது போதும், எழுந்து வா' என்று நிரந்தரமாக எழுப்பியிருந்தால் இழப்பு நம் எல்லோருக்கும்தான்.

உங்கள் மகளுக்கு நீட் பயிற்சிக்குக் கட்டிய பணம் வீணில்லை. அந்த உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் ஐசர் தேர்வுக்கும் உதவும். இரண்டு தேர்வும் எழுதட்டும். இடையில் ஒரு நாள் அவளை அழைத்துக்கொண்டு, முன்அனுமதி பெற்று, ஏர்ப்பேட்டு வளாகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே படிக்கும் மாணவர்களிடம் நீங்களே கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டபின் எடுக்கும் முடிவு, எதுவானாலும், பயத்தில் எடுத்ததாக இருக்காது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூடம் இல்லை என்ற குறை எறும்பு பார்க்கத் தடையில்லை. பள்ளி மைதானத்தில் ஒரு கூட்டைத் தேர்ந்தெடுங்கள். மழைக்கு முன், மழைக்குப் பின், உச்சி வெயிலில், மாலையில் அதன் வாயில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். இந்திய டயாகாமா இனம் ஒன்று கூட்டு வாயிலில் பறவை இறகுகளை அடுக்கி, இரவில் அவற்றில் படியும் பனித்துளியைக் குடிப்பதை 1985-இல் மார்க் மாஃபெட் என்ற ஆய்வாளர் எழுதினார். அதைப் பார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. விடியற்காலையில் எழுந்து கூட்டருகே போனால் போதும். வறண்ட நம் ராயலசீமைக் காட்டில் அப்படி இன்னும் எத்தனை நடக்கிறதோ, நம் பிள்ளைகள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வாசகர்களே, உங்களிடமும் கேட்கிறேன். உங்கள் தோட்டத்திலோ முற்றத்திலோ மலைப்பாதையிலோ எறும்புகள் செய்வதில் புதிதாக ஒன்றைக் கண்டால் எங்களுக்கு எழுதுங்கள். எந்த ஊர், எந்த நாள், என்ன நேரம், மழையா வெயிலா என்று குறிப்பிடுங்கள். தெரியாததை ஊகித்து நிரப்ப வேண்டாம். கண்டதை மட்டும் எழுதினால் போதும். மறக்காமல் உங்கள் பெயரைப் போடுங்கள். மாங்காய் பறிக்க வந்தவர் காட்டியிருந்தால் அவர் பெயரையும், ஆடு மேய்க்கும் தம்பி காட்டியிருந்தால் அவன் பெயரையும், அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து எழுதுங்கள். வரும் குறிப்புகளைப் பார்த்தவர் பெயரோடு இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்